வடசென்னைக்கும் புலித்தலையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் பற்றி நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் இதற்கு இடம் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் டீக்கடையில் நின்றபடியே படித்தேன். மூன்றாம் பக்கம் வந்ததும் டீயை அப்படியே வைத்துவிட்டேன். "வடசென்னையைக் களமாக எடுத்தால் கத்தியும் கஞ்சாவும் தானாக வந்துவிடும், கேம் மாஸ்டருக்குத் தனியாகக் கற்பனை தேவைப்படாது" என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். சரி, அவர் எழுதிவிட்டார். நீங்கள் அதை எடுத்துப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் தண்டையார்பேட்டையில் ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஆட்டத்தை நடத்துகிறவன், அதாவது கேம் மாஸ்டர். மொட்டைமாடியில் ஷீட் போட்ட ஓர் அறை, அதில் ஒரு பழைய கேரம் போர்டு, அதன்மேல் சார்ட் பேப்பரில் வரைந்த மேப். டைஸ் உருண்டு மூலைக் குழிக்குள் விழுந்தால் மறுபடி உருட்டணும் என்பது எந்த ரூல் புத்தகத்திலும் இல்லாத எங்கள் விதி. ஆடுகிறவர்கள் ஐந்து பேர். காசிமேட்டில் படகு வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன், நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் வரும் நர்ஸ் ஒருவர், டியூஷன் எடுக்கும் அக்கா, துறைமுகத்தில் லாரி புக்கிங் பார்க்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஆளுக்கு ஒரு பார்சல் அத்தோ வரும். அதில் முட்டை யாருக்கு என்பதில் நடக்கும் சண்டைதான் எங்கள் மாடியில் இதுவரை நடந்த ஒரே கேங் வார்.

கற்பனை தேவைப்படாதாம். எண்ணூர் முகத்துவாரத்தை மனதில் வைத்து ஓர் உலகம் கட்டினேன். ஆற்றுப் படுகை முழுக்கச் சாம்பல், சாம்பலுக்கு அடியில் ஒரு பூதம், அது புரண்டு படுத்தால் மீன் செத்து மிதக்கும். இரண்டு மாதம் உட்கார்ந்து நோட்டு நிறைய எழுதிவைத்திருந்தேன். முதல் நாள் ஆட்டத்திலேயே, "படகை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டப் போகிறீர்கள்" என்று நான் சொல்ல, காசிமேட்டுப் பையன் டைஸைக் கையில் வைத்துக்கொண்டே, "ண்ணா, தண்ணி உள்ள ஏறுதா வெளிய எறங்குதா, அத்த சொல்லு மொதல்ல. மணல் எங்க மூடிக்கினு இருக்கு? அது தெரியாம எவன் போட்ட எடுப்பான்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. பூதத்துக்கு எத்தனை ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்று நோட்டில் இருந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இல்லை. அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து அந்த ஆட்டத்தில் ஏற்ற இறக்கத்துக்குத் தனி அட்டவணை உண்டு, பூதமே அந்த நேரம் பார்த்துத்தான் எழுந்திருக்கும். தெருவைத் தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்தால் கேம் மாஸ்டருக்கு வேலை இரண்டு மடங்கு. உங்கள் கட்டுரையாளருக்கு அந்தக் கஷ்டம் வந்ததில்லை போலிருக்கிறது.

போன மழைக்காலத்தில் 1914 செப்டம்பர் 22 ராத்திரியை மூன்று ஞாயிறு ஆடினோம். எம்டன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய் டாங்கிகளைச் சுட்டுக் கொளுத்திய அதே ராத்திரி. 1981இல் வந்த கால் ஆஃப் கதுலு என்ற திகில் ஆட்டத்தின் ரூல்ஸை எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் அதில் சண்டை போட்டு ஜெயிப்பது முக்கியமில்லை, புத்தி பேதலிக்காமல் தப்பிப்பதுதான் பெரிய விஷயம். கறுப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறி அப்போது மூன்று வருஷம்தான். கப்பல் வரப்போவது எங்களுக்குத் தெரியும், எங்கள் கேரக்டர்களுக்குத் தெரியாது. நர்ஸ் ஆடிய கேரக்டர் கடைசிவரை ஒரு கிழவியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினாள். கத்தியை வைத்துக்கொண்டு போர்க்கப்பலை என்ன செய்வது, சொல்லுங்கள்?

இந்த விளையாட்டின் வரலாறு உங்களுக்குத் தெரியாததில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு 1977இல் வந்த பூதப் பட்டியல் புத்தகமான மான்ஸ்டர் மேனுவல் எனக்கு மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடைத்தது. அதில் ராட்சசனுக்குப் புலித்தலை வைத்து, வாயில் புகைக்குழாய் கொடுத்து உட்காரவைத்திருப்பார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். எங்கள் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ராட்சசனுக்கு எதுக்குடா புலி மூஞ்சி? கை இப்படித் திரும்பியிருந்தா சோறு எப்படிப் பிசைவான்?" என்று கேட்டார். நம் ராட்சசனுக்கு மந்திரித்த அம்பில் சாவு என்று வைத்ததெல்லாம் அமெரிக்க டிவி தொடர் ஒன்றின் ஒரு எபிசோடைப் பார்த்து வந்த யோசனை. 1980இல் வந்த இன்னொரு புத்தகத்தில் இந்திரனுக்கும் எமனுக்கும்கூட ஹிட் பாயின்ட் போட்டிருந்தார்கள், எமனை அடித்துச் சாய்த்தபிறகு ஆடுகிற கூட்டத்தில் யாருக்குத்தான் சாவு வரும்? அமெரிக்காவில் விஸ்கான்சினில் உட்கார்ந்திருந்தவர்கள், டிவியில் பார்த்ததை எழுதினார்கள், போகட்டும். உங்கள் கட்டுரையாளர் சென்னையில்தான் இருக்கிறார். மெட்ரோ ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். அவர் எங்கள் ஊரை சினிமாவில் பார்த்துவிட்டு எழுதுகிறார். எங்களுக்கும் புலித்தலைதான்.

எனக்கு இது புதுசில்லை. 2022இல் ஊருக்குத் தெற்கே ஒரு கஃபேயில் ஆட்டம் என்று கேள்விப்பட்டுப் போனேன். எந்த ஏரியா என்று கேட்டார்கள், சொன்னேன். கேரக்டருக்குப் பெயர்கூட வைக்கவில்லை, அதற்குள் "ரோக் எடுத்துக்கோங்க ப்ரோ, உங்களுக்கு செட் ஆகும்" என்றார் நடத்தியவர். ரோக் என்றால் பூட்டு உடைப்பவன், பை அடிப்பவன். நான் வீட்டிலேயே எழுதி எடுத்துப்போனது கிளெரிக், காயம் ஆற்றும் பூசாரி. அன்றைக்கு முழுக்க அவர்கள் எல்லாருக்கும் காயம் ஆற்றிவிட்டுக் கடைசி மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். தேங்க்ஸ் என்று ஒருவர் சொன்னார்.

அப்புறம் 2023 சமாச்சாரம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வைத்திருக்கும் கம்பெனி, மற்றவர்கள் அந்த ரூல்ஸைப் பயன்படுத்தத் தந்திருந்த லைசென்ஸை அந்த ஜனவரியில் மாற்றப் பார்த்ததும், உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் சண்டைக்கு நின்றதும், அதே மாதம் 27ஆம் தேதி அடிப்படை ரூல்ஸை கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டுவிட்டுக் கம்பெனி பின்வாங்கியதும் தாங்கள் அறிந்ததே. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அந்த ரூல்ஸை யாரும் தமிழில் பெயர்த்து அச்சடிக்கலாம் என்று அப்போதே உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். நீங்கள் போடவில்லை. போட்டிருந்தால் சென்ற இதழில் "உரிமைச் சிக்கலால் தமிழுக்கு வர வழியில்லை" என்று ஒரு வரி வந்திருக்காது. நாங்கள் முப்பது பக்கம் பெயர்த்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறோம். சேவிங் த்ரோவுக்கு மட்டும் சரியான சொல் கிடைக்காமல் "தப்பு உருட்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், தப்பிப்பதற்கான உருட்டு என்று அர்த்தம், ஆனால் புதிதாக வருகிறவர்கள் தப்பாக உருட்டிவிட்டோமோ என்று முழிக்கிறார்கள். இப்படிப்பட்ட தலைவலிகளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லுங்களேன்.

1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை கேரி கைகாக்ஸ் ஒருவரே உருவாக்கியதாகவும் கட்டுரையில் எழுதியிருக்கிறது. டேவ் ஆர்னஸன் எங்கே போனார்? அதற்கு முன்பே மினசோட்டாவில் நண்பர்களோடு பிளாக்மூர் என்ற களத்தை ஆடிக்கொண்டிருந்தவர் அவர். பெயரை விடுவதில் உங்கள் கட்டுரையாளருக்கு ஊர் வித்தியாசம் கிடையாது என்பது ஒரு ஆறுதல்.

மன்னிப்பு, மறுப்புக் கட்டுரை என்றெல்லாம் நான் கேட்கவில்லை, உங்களுக்கு இருக்கும் வேலைக்கு அது நடக்காது என்றும் தெரியும். அதே கட்டுரையில் ஒரு டைஸ் படத்துக்குக் கீழே "20 முக டைஸ்" என்று போட்டிருக்கிறீர்கள். 20 முக டைஸுக்கு ஒவ்வொரு முகமும் முக்கோணம். உங்கள் படத்தில் இருப்பது காத்தாடி வடிவம், அது 10 முக டைஸ். எங்கள் பக்கத்தில் காத்தாடி விட்டு வளராத பசங்க கிடையாது, பார்த்ததும் சிரித்துவிட்டார்கள். அடுத்த இதழில் அதற்கு மட்டும் ஒரு வரி திருத்தம் போட்டுவிடுங்கள். கட்டம் கட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81