செங்கல்பட்டில் இன்னொரு கடுகு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. புது ஃப்ளாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால்கூட உனக்குக் கேட்கிறது என்று புலம்பியிருந்தாய். சிரித்துவிட்டேன், கோபிக்காதே. ஒரு மாதமாக என் மண்டையில் ஓடுவதும் நெரிசல்தான். விண்மீன்களின் நெரிசல்.

மே நடுவில் பேரனோடு ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். நிலவில்லாத இரவு. பத்து மணி வாக்கில் தெற்கே ஒமேகா சென்டாரியைத் தேடிப் பிடித்தோம். வெறும் கண்ணுக்கு அது ஒரு மங்கிய விண்மீன், அவ்வளவுதான். பைனாகுலரில் பார்த்துவிட்டுப் பையன், “கண்ணாடியில அழுக்கு தாத்தா” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. பழங்காலத்தில் அதை விண்மீன் என்றே எழுதிவைத்தார்கள். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த வானியலாளர் எட்மண்ட் ஹாலிதான் அது வேறு ஏதோ என்று கண்டார். சுமார் 17,000 ஒளியாண்டுக்கு அப்பால், ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் திரண்டு நிற்கும் பந்து அது.

“இவ்வளவு பேர் இருந்தா இடிச்சுக்காதா?” என்று கேட்டான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சூரியனை 2 மில்லிமீட்டர் கடுகு என்று வை. அதைச் சென்னையில் வைத்தால், நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சுமார் 58 கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழ செங்கல்பட்டில் இருக்கும். நடுவில் ஒன்றுமே இல்லை! ஒமேகா சென்டாரியின் மையத்தில் விண்மீன்களுக்கு இடையே சராசரியாக 0.1 ஒளியாண்டுதான். அதாவது கடுகுக்குக் கடுகு ஒன்றே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் பால்வெளியின் நட்டநடுவில், கருந்துளையைச் சுற்றி, இடைவெளி 200 மீட்டர் அளவுக்குக் குறைகிறது. நெரிசலாம் நெரிசல்! தெரு முனையில் ஒரு கடுகு கிடந்தால் நீ அதைப் பக்கத்து வீட்டுக்காரர் என்பாயா?

ஆனாலும் வானம் மாறிவிடும். 0.1 ஒளியாண்டில் நம் சூரியனைப் போல ஒன்று நின்றால், வெள்ளிக் கோளைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிரகாசமாகத் தெரியும். நல்ல இருட்டு என்பதே அங்கே கிடையாது. மோதலும் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1953-இல் ஆலன் சாண்டேஜ் என்ற வானியலாளர், எம்3 என்ற இதே மாதிரியான இன்னொரு விண்மீன் பந்தில், வயதுக்குப் பொருந்தாமல் இளமையாகத் தெரியும் நீல விண்மீன்களைக் கண்டார். கிழவர்கள் கூட்டத்தில் நாலு வாலிபர்கள் மாதிரி! இரண்டு விண்மீன்கள் மோதி ஒன்றானதாலோ, துணை விண்மீனிடமிருந்து வாயுவை உறிஞ்சியதாலோ வந்த இளமை என்கிறார்கள். நமக்கும் அப்படி ஏதாவது வழி இருந்தால் எழுது.

முழங்கால் வலி தேவலையா? அப்புறம், அந்த பைனாகுலர் உன்னுடையதுதான். எட்டு வருடமாக என்னிடமே இருக்கிறது. வரும் ஏப்ரலில் நீயே வந்து வாங்கிக்கொள். மலைக்கு ஒரு ராத்திரி போய்விட்டுத்தான் தருவேன்.

அன்புடன்,
சுந்தரம்