ஷோகேசில் இருந்த சிவப்புக் கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெளிநாடு போய் வருகிறவர்கள் ஃபிரிஜ் காந்தமும் சாவிக்கொத்தும் வாங்கிக் குவிப்பது வெட்டிச் செலவு என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கு அதில் பெரிய குற்றம் தெரியவில்லை. சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஃபிரிஜ் கதவில் முப்பதுக்கு மேல் ஒட்டியிருக்கின்றன, பாதி சீனாவில் செய்தவைதான், இருந்துவிட்டுப் போகட்டுமே, காசு கொடுத்து வாங்கியது. நான் சொல்ல வந்தது காசு கொடுக்காமல் எடுத்து வருவதைப் பற்றி.

2016இல் ஆஸ்திரேலியா போனபோது உலுரு பாறையின் அடியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு சிவப்புக் கல்லை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று சின்னதாக ஒரு சந்தோஷம் வேறு. அப்புறம் அது ஷோகேசில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் கிடந்தது, தூசி தட்டும்போது மட்டும் கையில் எடுப்பேன். அந்தப் பாறை அங்குள்ள பூர்வகுடிகளான அனாங்கு மக்களுக்குப் புனிதமானது (பெயரைக் கேட்டால் நம் அணங்கு நினைவுக்கு வருகிறது, இல்லையா?), அங்கிருந்து கல் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. என்னைப் போல எடுத்துப் போனவர்கள் மனது உறுத்தி, கடிதமும் வைத்துத் திருப்பி அனுப்புகிறார்களாம். அந்தக் கற்களுக்கு 'மன்னிப்புக் கற்கள்' என்றே பெயர் வந்துவிட்டது. ஹவாய் எரிமலைப் பூங்காவுக்கும் இப்படிப் பார்சல்கள் வருகின்றன.

ஒரு பிடிதானே என்றுதான் எல்லாரும் அள்ளுகிறோம். இத்தாலியின் சார்டீனியா தீவில் கடற்கரை மணலையும் சிப்பியையும் எடுத்தால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம் என்று 2017இல் சட்டமே போட்டுவிட்டார்கள். 2019இல் ஒரு தம்பதி 40 கிலோ மணலோடு பிடிபட்டார்கள், கேட்டதற்கு ஞாபகார்த்தம் என்றார்களாம்! சரி, கடலைத் தூர்த்து வளர்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மணலைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே கட்டட வேலைகள் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும்.

எங்கள் அப்பாயி காசிக்குப் போனபோது ராமேஸ்வரம் மணலை மடியில் முடிந்து கொண்டுபோய்த் திரிவேணி சங்கமத்தில் கரைத்துவிட்டு, கங்கைத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்யக் கொடுத்தார். வீட்டுக்கென்று எடுத்து வந்தது ஒரு காசிக் கயிறு மட்டும். எனக்கு அந்தப் புத்தி ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

போன மாதம் கல்லைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன், மண் ஒட்டியிருந்தால் ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள். தபால் நிலையத்தில் சுங்கப் படிவம் கொடுத்தார்கள். உள்ளே என்ன? கல். மதிப்பு? பூஜ்யம் என்று எழுதினேன். முகப்பில் இருந்த பெண் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏதாவது ஒரு தொகை போடுங்க ஆன்ட்டி" என்றார். ஒரு வெள்ளி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தெம்பனிஸ்