துக்க வீட்டில் பிள்ளைகள் பேசும் சொற்கள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

ஏற்காடு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

உடன் படிக்கும் பிள்ளையின் வீட்டில் சாவு நேர்ந்தால் நம் மாணவர்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உடனே இரண்டு வார்த்தை போட்டுவிடுகிறார்கள். நல்ல மனம்தான், எழுத்துதான் இடறுகிறது. 'ஆழ்ந்த இறங்கல்' என்று வல்லின றகரம் போட்டால், அது பஸ் இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிச் சேலத்துக்கு இறங்குகிற இறங்கல். துயரத்துக்கு இடையின ரகரம்: இரங்கல். இரங்குதல் என்றால் மனம் உருகுதல், புலம்புதல். சங்கப் பாட்டில் முரசும் இரங்கும், கடலும் இரங்கும். நெய்தல் திணைக்கு உரிப்பொருளே இரங்கல்தான்.

'அனுதாபம்' வடசொல். தாபம் என்றால் வெப்பம். செய்துவிட்ட ஒன்றை நினைத்துப் பின்னால் வெந்துபோவதைத்தான் வடமொழியில் அனுதாபம் என்பார்கள். தமிழுக்கு வந்தபின் அது பிறர் துயருக்கு வருந்துவதாயிற்று. தீர்மானத்தில் எழுதலாம், பத்து வயதுப் பிள்ளை தோழனிடம் சொல்லும் சொல் அல்ல அது.

பிள்ளைகளுக்கு வேண்டியது 'ஆறுதல்'. சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது என்கிறோமே, அதே ஆறு. டீக்கடையில் இரண்டு டம்ளருக்கு நடுவே தூக்கி ஊற்றி 'ஆத்துவது' அதன் பிறவினை. தேறு (தெளி), தேற்று (தெளியவை) என்பதும் இப்படித்தான். தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் இழைத்து, கலங்கல் தண்ணீரை ஊற்றி அசைக்காமல் வைத்தால், கொட்டையின் பசை மண் துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கும். மேலே தண்ணீர் தெளியும். இடையில் யாராவது பானையை ஆட்டினால் மறுபடி கலங்கிவிடும். 'எப்படி ஆச்சு? கடைசியா என்ன பேசினாங்க?' என்று ஆளாளுக்குக் கேட்பது அப்படி ஆட்டுவதுதான். 'துக்கம் கேட்கப் போறோம்' என்பதில் உள்ள கேட்பது, துக்கத்தில் இருப்பவன் தானாகச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. இதைத் தயவுசெய்து வீட்டில் சொல்லிக் கொடுங்கள்.

என்ன எழுதலாம்? அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூறு 235. 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்று தொடங்கும். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், அது போயிற்றே என்கிறார். அந்த 'மன்' கழிவைக் காட்டும் இடைச்சொல். பத்துச் சொல்லில் சொல்ல வேண்டிய இழப்பை இரண்டே எழுத்துள்ள ஒரு சொல் சொல்லிவிடுகிறது. (அதியமானின் தகடூர்தான் தருமபுரி, 1965 வரை நம் சேலம் மாவட்டத்தில் இருந்தது.) ஔவையார் வெறும் புகழ்மொழி அடுக்கவில்லை, இறந்தவர் கொடுத்ததைச் சொன்னார். நம் பிள்ளையும் அப்படி எழுதட்டும்: 'உங்க தாத்தா எனக்கும் சேர்த்துப் பேரிக்காய் பறிச்சுத் தருவாங்க.' அதற்குமேல் வேண்டாம். 'RIP' என்று மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டு நகர்வதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொன்று. 'எழவுக்குப் போயிருந்தேன்' என்று பிள்ளை வகுப்பில் சொன்னால் யாரும் அதட்ட வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் கூறியிருக்கிறேன். இழ என்பதிலிருந்து வந்த இழவு அது. வசைச்சொல்லாகப் பின்னால் நாம் ஆக்கிக்கொண்டோம். நீங்களும் வீட்டில் 'என்ன எழவோ' என்று சலித்துக்கொள்வதைக் குறைத்தால் நன்று.

துக்க வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனால், கிளம்பும்போது 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பழக்கத்தில் வாய் தவறிவிடும். இஸ்லாமியத் தோழர் வீட்டில் 'இன்னா லில்லாஹி' என்று சொல்வது காதில் விழுந்தால், 'நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம்' என்று அதன் பொருளை விளக்குங்கள்.

உங்கள் வீட்டில் துக்கம் நேர்ந்தால் விடுப்புக் கடிதத்தில் அந்த ஒரு சொல் போதும், விவரம் வேண்டியதில்லை. காரியம் முடிந்து பிள்ளை எந்த நாளில் வருவான் என்பதை மட்டும் அதற்கு முந்தைய நாளே வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். விடுபட்ட பாடங்களை எழுதி வைத்திருப்போம். அன்று அவனிடம் கேள்வி கேட்கமாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்