வெளிநாட்டுக்கு அனுப்புகிறீர்கள், சரி. யார் வீட்டில் தங்க வைப்பீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ராணுவத்தில் சிக்னல்ஸ் என்கிற தகவல் தொடர்புப் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன், சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம், இப்போது ஆவடியில் இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண் கல்லூரியில் படிக்கிறாள், ராணுவத்தில் அதிகாரியாகியே தீருவது என்று காலை ஐந்து மணிக்கு ஓடுகிற பிள்ளை. போன வருஷம் ஒரு குழுவோடு வெளிநாடு போய்வந்தாள். எந்த நாடு, யார் அனுப்பினார்கள் என்பதை விட்டுவிடுகிறேன். வந்ததும் என்னிடம் போனில் இருந்த படங்களைக் காட்டினாள். அணிவகுப்பு மைதானம், அருங்காட்சியகம், பெரிய மால், மேடையில் இவர்கள் ஆடிய கரகாட்டம். "அந்த ஊர்க்காரர் யார் வீட்டுக்காவது போனாயாம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை அங்கிள், ஹோட்டல்தான், பஸ்தான்" என்றாள். அந்தப் பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. ராணுவ அதிகாரியாகப் போகிற பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினால், அந்த ஊர்க் குடும்பத்தோடு தங்கி மொழி கற்க வைக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஒரு நாட்டு மக்களோடு பழகுவது என்றால் என்ன என்று நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. 1988-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனபோது கொடிகாமம் பக்கம் ஒரு செக்போஸ்டில் இருந்தேன். எங்கள் லெப்டினன்ட் இமாசலப் பிரதேசத்துக்காரர், வயது இருபத்து மூன்று இருக்கும், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. தமிழ்க்காரன் என்பதால் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஒரு நாள் மண்ணெண்ணெய் போத்தலோடு வந்த வயதான அம்மாவிடம் ஏதோ விசாரிக்கச் சொன்னார். நான், "அம்மா, சார் உங்ககிட்ட பேசணும்ங்கிறார்" என்றேன். அந்த அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. "ஏன் தம்பி, நான் என்ன செய்தனான்?" என்று அழாத குறை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்க் கடைக்காரர்தான் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்: "அண்ணை, இஞ்ச பேசுறதெண்டா ஏசுறது. கதைக்கோணும் எண்டு சொல்லுங்கோ."

யோசித்துப் பாருங்கள். நானும் தமிழன், அந்த அம்மாவும் தமிழ்தான், அப்படியிருந்தும் ஒரே வார்த்தையில் அவரைப் பயமுறுத்திவிட்டேன். லெப்டினன்ட் பாடு இன்னும் கஷ்டம். கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த அம்மா "ஓம், ஓம்" என்று சொல்ல, அந்த அம்மா பயத்தில் சாமியை வேண்டிக்கொள்கிறார் என்றே லெப்டினன்ட் நினைத்திருக்கிறார். அங்கே 'ஓம்' என்றால் 'ஆமாம்' என்று நான் சொன்னதும் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார், இந்தி எழுத்தில். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கடைக்காரரிடம் பத்து வார்த்தை. இரண்டு மாதத்தில் "எங்க போறியள்?" என்று அவரே கேட்பார், சைக்கிளில் வருகிறவர்களும் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். அந்த இடத்தில் கை ஓங்கியது குறைந்தது, கத்தியது குறைந்தது. இதனால் சண்டை நின்றுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 1987 ஜூலையில் இலங்கையோடு ஒப்பந்தம் போட்டுப் போன படை 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் நம் ஜவான்கள் ஆயிரத்துக்கும் மேலே செத்தார்கள், அங்குள்ள எங்கள் சனம் எத்தனையோ பேர் செத்தார்கள். அதற்கான அரசியல் வேறு. ஆனால் அந்த லெப்டினன்ட் கையில் அந்த நோட்டு முதல் நாளே இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதை அமெரிக்கர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தெருவில் நின்று திண்டாடிய பிறகு, 2007-ல் 'ப்ராஜெக்ட் கோ' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே கல்லூரிகளில் ஆர்.ஓ.டி.சி. என்று ராணுவப் பயிற்சி உண்டு, பார்க்க நம் என்.சி.சி. மாதிரி, ஆனால் படிப்பு முடிந்ததும் அப்படியே அதிகாரியாகப் போகிறவர்கள். அந்த மாணவர்கள் கோடை விடுமுறையில் அரபு, ரஷ்யன், சீனம், சுவாஹிலி என்று படிக்கவும் வெளிநாடு போய்ப் படிக்கவும் அவர்கள் பாதுகாப்புத் துறையே பணம் கொடுத்தது. அதற்கு ரொம்ப முன்னாலேயே, 1959-ல், ஓல்ம்ஸ்டட் என்ற ஜெனரலின் பெயரில் ஓர் உதவித்தொகை வந்தது. இளம் அதிகாரி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் போய் அந்த நாட்டு மொழியிலேயே படிக்க வேண்டும், இரண்டு வருஷம், குடும்பத்தோடு. காய்கறிக் கடையும் வீட்டுக்காரரும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் சேர்ந்துதான் அங்கே மொழி கற்றுத் தருகின்றன.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். புனே பக்கம் கடக்வாஸ்லாவில் இருக்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) வெளிநாட்டு மொழிகள் சொல்லித் தருகிறார்கள். என்.சி.சி.யில் இளைஞர் பரிமாற்றம் உண்டு, ஜனவரியில் டெல்லி குடியரசு தின முகாமுக்கு வெளிநாட்டு கேடட்கள் வருகிறார்கள், நம் பிள்ளைகளும் போகிறார்கள். அப்புறம் நம் ராணுவத்தில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பெருமை: அதிகாரி தன் ஜவான்களின் மொழியைக் கற்றே ஆக வேண்டும். கூர்க்கா ரெஜிமென்டுக்குப் போகிற தமிழ்ப் பையன் நேபாளி பேசுவான், மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வருகிற பஞ்சாப் அதிகாரி 'வீர மதராசி, அடி கொல்லு' என்று முழங்குவார். முழக்கம் கற்க ஒரு நாள் போதும். ஒரு ஜவானை உட்கார வைத்து, அவன் அம்மா இறந்துவிட்ட சேதியை அவன் மொழியில் சொல்கிற அளவுக்கு வருவதற்கு வருஷக்கணக்கில் அவனோடு சாப்பிட்டிருக்க வேண்டும். அப்படி வந்த அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். நானே ஜபல்பூரில் ட்ரெயினிங் போனபோது இந்தியில் ஒரு சொல் தெரியாது, பேரக்ஸில் பக்கத்துக் கட்டில்காரன்தான் சொல்லித் தந்தான்.

சொந்த ஜவானுக்காக இவ்வளவு செய்கிற ராணுவம், நாளைக்கு வேறு நாட்டில் போய் நிற்கப்போகிற பிள்ளைக்கும் இதைச் செய்யத்தானே வேண்டும்? ஐ.நா. அமைதிப்படையில் நம் ஆட்கள் காங்கோவிலும் தெற்கு சூடானிலும் லெபனானிலும் நிற்கிறார்கள். காங்கோவில் பிரெஞ்சும் சுவாஹிலியும் வேண்டும், லெபனானில் அரபு வேண்டும். அங்கே போய் இறங்கிய பிறகு நோட்டை எடுத்தால் எப்படி? இருபது வயதில், தோளில் நட்சத்திரம் ஏறுவதற்கு முன்னாலேயே அனுப்புங்கள். அதிகாரியாகிவிட்டால் தப்பாகப் பேச வெட்கம் வந்துவிடும். ஒரு கோடை முழுக்க, ஆறு வாரமோ எட்டு வாரமோ, ஒரு குடும்பத்தோடு தங்கட்டும். குறைந்த பிள்ளைகளை அனுப்பினாலும் பரவாயில்லை. செலவு, பாதுகாப்பு, உளவு என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். குடும்பத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். நம் மதுரைக்கே அமெரிக்க மாணவர்கள் வந்து தங்கித் தமிழ் படித்துவிட்டுப் போகிறார்களே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1963-லிருந்து நடக்கிறது. அங்கே நம் கேடட்களோடு பூட்டான், மாலத்தீவு என்று நட்பு நாட்டுப் பிள்ளைகளும் பயிற்சி பெற்றிருக்கிறார்கள், 2017 டிசம்பரில் ஆப்கன் பெண் அதிகாரிகள் வந்தார்கள். நீலகிரி வெலிங்டனில் அதிகாரிகள் மேற்பயிற்சி பெறுகிற ஸ்டாஃப் காலேஜுக்குப் பல நாட்டு அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து ஏறக்குறைய ஒரு வருஷம் இருக்கிறார்கள். இவர்களில் எத்தனை பேர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடித்திருப்பார்கள்? தாம்பரத்துக்குப் பயிற்சிக்கு வந்த இலங்கை விமானப்படையினரை 2012-ல் எதிர்ப்பு தாங்காமல் பெங்களூருக்கு மாற்றியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு, அதை இந்தக் கடிதத்தில் பேசி முடிக்க முடியாது. மற்ற நாட்டுப் பிள்ளைகளையாவது நாம் வீட்டுக்குக் கூப்பிடலாமே? அகாடமி அனுமதி கொடுத்தால் ஆவடி, தாம்பரம், பல்லாவரம் என்று முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, ராணுவக் கட்டுப்பாடு தெரிந்த வீடுகள்.

எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. ஒரு பூட்டான் பையனோ மாலத்தீவுப் பெண்ணோ சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிறு ராத்திரி திரும்பலாம், பொங்கலுக்கு இரண்டு நாள் சேர்த்தே இருக்கலாம். என் மனைவிக்கு ஜபல்பூர் குவார்ட்டர்ஸில் இருந்த பழக்கத்தில் இந்தி நன்றாக வரும். ஆனால் வருகிற பிள்ளையோடு முதல் நாளிலிருந்தே தமிழில்தான் பேசுவேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார் ஒருவர்,
ஆவடி.