அக்கா மகன் ஃப்ளோரிடா போகத்தான் வேண்டுமா?

மாப்ளே,

பதில் போட இவ்வளவு நாள் ஆனதற்குத் திட்டுவதென்றால் திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். மணியண்ணன் முழங்கால் ஆபரேஷன் முடிந்து நடமாடுகிறார். போன் போட்டால் இன்னும் அதே பாஸ்கெட்பால் சண்டைதான். அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்கெட்பாலுக்காக அவனை ஃப்ளோரிடாவில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்ட உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது.

“நியூ ஜெர்சியில் பாஸ்கெட்பாலுக்கு இனி ஒன்றுமில்லை, நல்ல பையன்கள் எல்லாம் ஃப்ளோரிடாவில்தான்” என்று எழுதியிருக்கிறாய். இது அந்த ஹாஸ்டல் பள்ளிக்காரர் சொன்னதுதானே? அவர் காட்டிய, பள்ளி ஆட்டக்காரர்களின் ரேங்கிங் பட்டியல் பொய்யில்லை. ஆனால் அதில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியையும் மாநிலத்தையும் பார்த்து, பையன்கள் அங்கேயே விளைந்தவர்கள் என்று நினைத்துவிடாதே. கூப்பர் ஃப்ளாக் மெய்ன் மாநிலத்தில் நியூபோர்ட் என்ற சின்ன ஊர்க்காரன். ஃப்ளோரிடாவின் ஹாஸ்டல் பள்ளியான மான்ட்வெர்ட் அகாடமியில் சேர்ந்ததும் அந்த மாநிலக் கணக்கில் ஏறிவிட்டான். ஏ.ஜே. டிபான்ட்சா மாசசூசெட்ஸின் பிராக்டன் பையன்; கலிபோர்னியாவில் ஒரு பள்ளி, அப்புறம் யூட்டாவில் ஒன்று.

தொழில்முறை லீக்கான என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டின் முதல் ஐந்து பேரையே எடுத்துக்கொள். முதல் ஆள் ஃப்ளாக். இரண்டாவது டிலன் ஹார்ப்பர், ராம்சியில் இருக்கும் டான் பாஸ்கோவில் படித்தவன். உங்கள் நியூ ஜெர்சியேதான் மாப்ளே! மூன்றாவது வி.ஜே. எட்ஜ்கோம்ப், பஹாமாஸின் பிமினி தீவுக்காரன். லாங் ஐலண்ட் லூத்தரனில் படித்ததால் நியூயார்க்குக்கு ஒரு புள்ளி. நான்காவது கான் நூப்பல், மில்வாக்கியில் பிறந்து அங்கேயே விஸ்கான்சின் லூத்தரனில் ஆடியவன். ஐந்தாவது ஏஸ் பெய்லி, ஜார்ஜியாவின் மெக்கீச்சர்ன் பள்ளி. ஹாஸ்டல் அகாடமிக்குப் போய்த்தான் இந்த உயரத்துக்கு வர முடியும் என்றால் ஹார்ப்பரும் நூப்பலும் எப்படி வந்தார்கள்?

ஒன்றுமே மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. மாறியிருக்கிறது, அதில் எனக்கு வருத்தமும் உண்டு. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் ஆன லூ அல்சிண்டர் ஆடிய நியூயார்க்கின் பவர் மெமோரியல் பள்ளி 71 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து, 1965-இல் மேரிலாந்தின் டிமாத்தா பள்ளியிடம் 46-43 என்று தோற்றது. அந்தப் பள்ளியே 1984-இல் மூடிவிட்டது. என்பிஏ ஆட்டக்காரர் கெம்பா வாக்கர் படித்த ஹார்லெமின் ரைஸ் பள்ளி 2011-இல் போனது. கோச் பாப் ஹர்லியின் செயின்ட் ஆன்டனி, ஜெர்சி சிட்டியில், 2017-இல். பிள்ளைகள் குறைந்து, பணமும் வற்றி, நகரத்துக் கத்தோலிக்கப் பள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இன்னொரு பக்கம், 1970-களிலிருந்தே கறுப்பினக் குடும்பங்கள் வடக்கு நகரங்களை விட்டு அட்லாண்டா, டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் திரும்பிக் குடியேறின. என்பிஏ நட்சத்திரங்கள் ஜேலன் பிரவுனும் ஆந்தனி எட்வர்ட்ஸும் அட்லாண்டா வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். தெற்கின் இந்த வளர்ச்சி நிஜம். ஆனால் அது ஒரு தலைமுறையாக மெதுவாக நடந்தது. அகாடமிகளின் கதை வேறு: கோச் நகர்ந்தால் பையன்களும் நகர்வார்கள். நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் என்பிஏ நட்சத்திரம் கைரி எர்விங்குக்குப் பயிற்சி கொடுத்த கெவின் பாயில் 2011-இல் மான்ட்வெர்டுக்குப் போனார். பையன்களும் அங்கே போகத் தொடங்கினார்கள்.

அப்படி எழும்பிய இடங்கள் எவ்வளவு நாள் நிற்கும் என்பதுதான் என் பயம். 2013 டிராஃப்டின் முதல் தேர்வு ஆந்தனி பென்னெட் ஆடிய ஃபிண்ட்லே பிரெப் அகாடமி 2019-இல் மூடிவிட்டது. புரொலிஃபிக் பிரெப் அகாடமி கலிபோர்னியாவின் நாபாவிலிருந்து ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலுக்கே 2025-இல் இடம் மாறிவிட்டது. நடுவில் மாட்டிக்கொள்ளும் பையனின் படிப்பு என்ன ஆகும்?

இதை அக்காவிடம் நிதானமாகச் சொல். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ-வின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் முதல் வருஷமே ஆட, உயர்நிலைப் பள்ளியில் 16 கோர் பாடங்கள், அதாவது அவர்கள் ஏற்கும் முக்கியப் பாடங்கள், வேண்டும்; அவற்றில் மதிப்பெண் சராசரி 4-க்கு 2.3. அதில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியல். அந்த மார்க் அப்படியே பூட்டப்படும், திரும்ப எழுதிக் கூட்ட முடியாது. “பதினொன்றை மறுபடி படிக்கட்டும், ஒரு வருஷம் உடம்பு ஏறும்” என்று அந்தப் பள்ளிக்காரர் சொன்னாரே, அங்கேதான் பலர் விழுகிறார்கள். கெடிகாரம் ஒன்பதாம் வகுப்பில் ஓடத் தொடங்கி நான்கு வருஷத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகு படிப்பதில் ஒரே ஒரு பாடம்தான் கணக்கில் வரும். ஆன்லைன் பாடம் என்றால், அந்தப் பள்ளியின் அங்கீகரிக்கப்பட்ட பாடப் பட்டியலில் அது இருக்கிறதா என்று என்சிஏஏ தளத்திலேயே தேடிப் பார்க்கச் சொல். பள்ளிக்காரர் வாய்வார்த்தை போதாது.

கோச்கள் பார்க்க மாட்டார்களே என்கிறாயா? கோடையில் ஷூ கம்பெனிகள் கிளப் அணிகளுக்கு நடத்தும் தொடர் போட்டிகள் எதற்கு இருக்கின்றன? ஜூலையில் சவுத் கரோலினாவில் நடக்கும் பீச் ஜாம் போட்டியில் கல்லூரி கோச்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஜெர்சியில் படித்துக்கொண்டே நல்ல கிளப்பில் இடம் பிடித்தால் அதே கண்கள் இவனையும் பார்க்கும்.

எதற்கும் கையெழுத்துப் போட விடாதே. முதலில் பையனின் ஒன்பது, பத்தாம் வகுப்பு டிரான்ஸ்கிரிப்டை எனக்கு அனுப்பு. எத்தனை கோர் பாடம் முடிந்திருக்கிறது என்று எண்ணிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் நானே பேசுகிறேன்.

உன்
மாப்ளே