மரத்தடியில் எங்களைப் பாட வைத்தவர்களுக்கு

அன்புள்ள பெற்றோருக்கும், பள்ளிக் காவலர் ஜாகா அண்ணனுக்கும், கேண்டீன் அக்காவுக்கும், எதிர் அடுக்குமாடியில் இருக்கும் சீனப் பாட்டிக்கும், பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு உதவி செய்தவர்களுக்கும் வணக்கம்.

பினாங்கில் நம் தமிழ்ப்பள்ளியின் நான்காம் ஆண்டு இசை வகுப்பு, திடலோரத் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. இதை நான் ஒருத்தியாகச் செய்ததாகச் சிலர் பாராட்டினார்கள். அப்படி இல்லை. யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று எழுதி வைக்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

முதலில், ஏன் வெளியே வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே இருபத்தெட்டுப் பிள்ளைகள், மேலே தகரக் கூரை, இரண்டு காற்றாடி. பக்கத்து வகுப்பில் கணிதம் நடக்கும். அதனால் ரெக்கார்டர் குழலை மெல்ல ஊதுங்கள், மெல்ல ஊதுங்கள் என்று சொல்லியே ஒரு பள்ளித் தவணை போய்விட்டது. ரெக்கார்டரில் ஒரு குணம் உண்டு. காற்று குறைந்தால் சத்தம் மட்டும் குறையாது, சுருதியும் இறங்கிவிடும். பயந்து பயந்து ஊதிய பிள்ளைகளின் காதில் அந்த இறங்கிய சுருதிதான் சரியான சுருதியாகப் பதிந்துகொண்டிருந்தது. இசை ஆசிரியைக்கு அதைவிடப் பெரிய வருத்தம் கிடையாது.

தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: வகுப்பு காலை ஒன்பதரைக்குள் முடிய வேண்டும். வானிலைத் துறை நம் மாவட்டத்துக்கு வெப்ப எச்சரிக்கை விடுத்த நாளில் வெளியே கால் வைக்கக்கூடாது. தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரிக்கு மேல் போனால் அது முதல் நிலை எச்சரிக்கை, 37ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை. வகுப்பு நாள்களில் அவரே காலையில் கைப்பேசியில் பார்த்து எனக்குத் தகவல் அனுப்புகிறார். இதுவரை ஒரு நாளும் தவறியதில்லை. நன்றி அம்மா.

முதல் சில வாரங்கள் மிகவும் கஷ்டமாகப் போயின. நான்கு சுவருக்குள் ஊதிப் பழகிய பிள்ளைகளுக்குத் திடலில் தங்கள் சத்தம் தங்களுக்கே கேட்கவில்லை. திருப்பி அனுப்பச் சுவர் இல்லையே. கேட்கவில்லை என்று இன்னும் பலமாக ஊதினார்கள், ரெக்கார்டர் கீச்சிட்டது. நான் கத்தினேன். மூன்றாம் செவ்வாய்க்கிழமை எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு மாணவியின் தாத்தா. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் காவடிகளுக்குப் பல வருஷம் உறுமி அடித்தவர். "பிள்ளைங்களைச் சுவருக்கு முதுகு கொடுத்து நிக்க வைங்க டீச்சர். சத்தம் ஓடாது" என்றார். மரத்துக்குப் பின்னால் கழிப்பறைக் கட்டடத்தின் நீளமான சுவர் இருக்கிறது. அதன் முன்னால் அரைவட்டமாக, தோளோடு தோள் இடிக்கும் அளவுக்கு நெருக்கி நிற்க வைத்தேன். அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவளின் ஊதல் காதில் விழுந்ததும் ஒவ்வொருவரும் தாமாகவே காற்றை அடக்கிக்கொண்டார்கள். வகுப்பறையில் நான் ஒரு தவணை சொல்லிக் கொடுத்தும் வராத ஒன்று, ஒருவர் ஊதுவதை மற்றவர் கேட்பது, இங்கே ஒரே காலையில் வந்தது.

தாத்தா அதோடு விடவில்லை. வாரம் ஒரு தடவை வருகிறார். நம் மலாய்மொழி ஆசிரியரான சிக்குவும் அவரும் சேர்ந்து, கொம்பாங் என்ற மலாய்க் கைமேளத்தை வைத்து நடத்திய அந்த வகுப்பை நான் மறக்கவே மாட்டேன். முந்தின இரவு மழை. அலமாரியில் இருந்து எடுத்த கொம்பாங்கைத் தட்டினால் ஈரத்துணியைத் தட்டியது போல் 'தொப் தொப்' என்றது. சிக்கு, தோலுக்கும் கட்டைக்கும் நடுவில் பிரம்பு நாரைச் செருகித் தோலை இழுத்துக் காட்டினார். தாத்தா இன்னொரு கொம்பாங்கை வாங்கி வெயிலில் சாய்த்து வைத்தார். "பத்து நிமிஷம் பொறுங்க" என்றார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு சிறுமியைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார். கணீர் என்று விழுந்தது! அவள் கையை எடுத்துவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பறையை நெருப்பில் காட்டிக் காய்ச்சுவது ஏன் என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே வெயில் என் வயலின் கம்பியைத் தளர்த்தியது, ரெக்கார்டரின் சுருதியை ஏற்றியது. ஒன்று ஏன் இறங்குகிறது, இன்னொன்று ஏன் ஏறுகிறது என்று ஒரு பையன் கேட்டான். கம்பி சூட்டில் நீள்கிறது. ரெக்கார்டருக்கு உள்ளே காற்றல்லவா பாடுகிறது? 0 டிகிரிக் காற்றில் ஒலி நொடிக்கு 331 மீட்டர் போகும், 30 டிகிரியில் கிட்டத்தட்ட 349 மீட்டர். காற்று சூடானால் ஒலி வேகமாக ஓடும், சுருதி ஏறும். அவன் இதை அறிவியல் ஆசிரியரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் என்னைத் தேடி வந்து கை குலுக்கினார். அவருக்கும் நன்றி.

ஜாகா அண்ணனைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நாங்கள் வருவதற்கு முன்பே காய்ந்த கிளைகள் ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்து, சருகைக் கூட்டி, முசுறு ஏறியிருக்கிறதா என்று சோதித்து, பாய் விரித்து வைத்திருப்பார். தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுவார், டிங்கிக் கொசு வந்துவிடக்கூடாது என்று. இந்த மரத்தை மலாயில் 'புக்குல் லீமா' என்று சொல்வார்கள், மாலை ஐந்து மணி வாக்கில் இலையை மூடிக்கொள்வதால். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். "காலையிலேயே இலை சுருங்குதா, மேலே மேகம் கட்டுதுன்னு அர்த்தம், உள்ளே போயிடணும்" என்பார். ஒரு நாள் அப்படித்தான், வானத்தை நான் கவனிக்கவில்லை, அவர் ஓடி வந்து கையைக் காட்டினார். நாங்கள் நடைபாதைக்குள் நுழைந்த சற்று நேரத்தில் இடி இடித்தது. மரத்தடியில் மின்னலுக்கு நிற்பது எவ்வளவு ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணே, இருபத்தெட்டு அம்மாக்களின் சார்பில் உங்களுக்குக் கை கூப்புகிறேன்.

தாதியாக வேலை பார்க்கும் ஒரு தாய், இரவு வேலை முடிந்து தூங்கப் போகாமல் பள்ளிக்கு வந்து, முகம் சிவந்தால், தலை வலித்தால், குமட்டினால் உடனே டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளை நடித்துக் காட்டச் சொல்லிப் பழக்கினார். என் தொண்டைக்கும் அவர்தான் வழி சொன்னார். கத்தாதீர்கள், கை தட்டிக் கூப்பிடுங்கள் என்று. இப்போது நான் ஒரு தாளத்தைத் தட்டினால் பிள்ளைகள் அதையே திருப்பித் தட்டிவிட்டு அமைதியாகிவிடுகிறார்கள். கேண்டீன் அக்கா பார்லித் தண்ணீருக்குக் காசு வாங்குவதே இல்லை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கடை போடும் ஒரு தந்தை துணிக்கிளிப்புகள் ஒரு பை நிறையக் கொடுத்தார். தாள்கள் பறப்பது நின்றது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பாய்கள் வாங்கித் தந்தது.

சீனப் பாட்டிக்கு இந்த மடலைப் படித்துக் காட்ட ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன். நாங்கள் வெளியே வந்த இரண்டாம் வாரம் அவர் கீழே இறங்கி வந்தபோது, சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று சொல்லத்தான் வருகிறார் என நினைத்துப் பயந்தேன். அவரோ, போன வாரம் ஏன் வியாழக்கிழமை வாசிக்கவில்லை என்று கேட்டார். வகுப்பு செவ்வாய் மட்டும்தான் என்று சொன்னதும் அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்று. குயில் பஞ்சமத்தில், அதாவது 'ப' என்ற சுரத்தில், கூவும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். வகுப்பறையில் நான் அதைப் பாடமாகச் சொன்னபோது பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். போன மாதம் மரத்தில் ஒரு ஆண் குயில் வந்து உட்கார்ந்தது. ஒரு தரம் கூவும், அடுத்த தரம் கொஞ்சம் மேலே, அடுத்தது இன்னும் மேலே. வழக்கமாகப் பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் ஒரு பையன் ரெக்கார்டரில் அதைத் துரத்திக்கொண்டே போனான். குயில் நிறுத்தியதும் அவனும் நிறுத்தினான். "டீச்சர், அது ப-வில் நிக்கலை, ஏறிக்கிட்டே போகுது" என்றான். அந்தப் பையன் வகுப்பில் தானாக வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. அவன் அம்மாவிடம் அன்றைக்கே தொலைபேசியில் சொன்னேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

அடுத்த தவணையிலும் செவ்வாய்க்கிழமைதான். பாட்டிக்காக வியாழக்கிழமையும் கேட்டு எழுதியிருக்கிறேன். எட்டரைக்கு ஆரம்பிப்போம். உங்களுக்கென்று ஒரு பாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வாருங்கள்.

அன்புடன்,
நான்காம் ஆண்டு இசை ஆசிரியை