கிரானார்டின் மண்மேடு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் காலை நடைக்குப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மகன் வீட்டில் எல்லோரும் நலம். பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்.

பணிக்காலமெல்லாம் ஏரிக்கரைகளோடு கிடந்தவன் நீ. அதனால் இதை உனக்குத்தான் எழுத வேண்டும். அயர்லாந்தின் லாங்ஃபோர்டு வட்டாரத்தில் கிரானார்டு என்று ஒரு சிற்றூர். ஊரின் ஓரத்தில், தேவாலயத்துக்குப் பக்கத்தில், பெரிய மண்மேடு ஒன்று நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் குன்று என்றே நினைப்பாய். 1199 வாக்கில் ரிச்சர்டு டி டுயிட் என்ற நார்மன் பிரபு, இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்தவர்களில் ஒருவர், எழுப்பிய கோட்டைமேடு அது.

பிடித்த நிலத்தைக் கையில் வைத்திருக்க நார்மன்களுக்கு உடனே கோட்டை வேண்டும். கல்லில் கட்ட வருடக்கணக்காகும். ஆகவே சுற்றிலும் அகழி வெட்டி, அந்த மண்ணையே நடுவில் குவித்து, உச்சியைச் சமப்படுத்தி மரக்கோபுரம் கட்டினார்கள். கீழே குதிரைகளுக்கும் ஆட்களுக்கும் வேலியடைத்த முற்றம். கிரானார்டில் அந்த முற்றத்தின் வளைவு இன்னும் தெரிகிறது.

உச்சியில் 1932இல் வைத்த புனித பேட்ரிக் சிலை இருக்கிறது. வருகிறவர்கள் அதைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அகழியை என்பேன். நான் அதற்குள் இறங்கி நின்றேன். ஈரப் புல்லில் கால் வழுக்கியது. எதிரே மேட்டின் சரிவு சுவராக நின்றது. இவ்வளவு மண்ணும் மண்வெட்டியிலும் கூடையிலும் ஏறியது. பிரபுவின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இன்னொன்று கேள். மேட்டை எழுப்பிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், அத்லோன் கோட்டையின் கற்கோபுரம் இடிந்து விழுந்து டி டுயிட் இறந்தார். 1315இல் ஸ்காட்லாந்து மன்னரின் தம்பி எட்வர்டு புரூஸின் படை கிரானார்டையே கொளுத்தியது. மேட்டின் மீதிருந்த மரக்கோபுரம் போன இடம் தெரியவில்லை. மண் மட்டும் எண்ணூறு வருட மழையையும் தாங்கி அப்படியே நிற்கிறது.

இத்தனை செங்குத்தான சரிவு எப்படிச் சரியாமல் நிற்கிறது, சண்முகம்? அடுக்கடுக்காகக் கொட்டித் திமிசு போட்டிருப்பார்களா? களிமண்ணா, புல்வேரா, எது பிடித்துக்கொண்டிருக்கிறது? படங்களைத் தனியே அனுப்புகிறேன். பார்த்துவிட்டு விரிவாக எழுது. சித்ராவின் கல்யாணத் தேதி முடிவானதும் தெரிவி; டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
ராகவன்